சார் திருகிய நாப்

ரெக்கார்டிங் தியேட்டரில் நான் வேலை கற்றுக்கொண்ட இன்ஜினியர் சார் எனக்கு முதல் ஆறு மாசம் கொடுத்த வேலை டேப் மெஷினின் ஹெட்டைத் துடைப்பது. ஏழு மணி கால்ஷீட் என்றால் ஆறு மணிக்கே நான் வடபழனியில் இருக்க வேண்டும். குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, ஹெட், கைடு, கேப்ஸ்டன் என்று வரிசையாகத் துடைப்பேன். பஞ்சு பழுப்பேறாமல் வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடக்கூடாது. அப்புறம் டோன் போட்டு, வி.யு. மீட்டரின் ஊசி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அரை டி.பி. தள்ளி நின்றாலும் சார் வந்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். எப்படி சார் என்றால், “காதுல உறுத்துது” என்பார். அவ்வளவுதான் அவர் நடத்திய பாடம்.

இப்போது காட்டுப்பாக்கத்தில் வீட்டு மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் இலவம்பஞ்சு மெத்தைகள். பக்திப் பாட்டு, குறும்படம், கானா, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு என்று வருவதைச் செய்கிறேன். அன்று துடைத்த மெஷின்களும், தொடப் பயந்த பெட்டிகளும் இன்று கம்ப்யூட்டருக்குள் பிளக்-இன்னாக வந்துவிட்டன. துரு, கீறல், ஸ்க்ரூ தலை முதற்கொண்டு அப்படியே வரைந்து வைத்திருக்கிறார்கள். வேலை கற்க வரும் தம்பிகள் கேட்பதும் பெரும்பாலும் இதைத்தான்: “அண்ணா, பெரிய கம்பெனி எல்.ஏ.-2ஏ கட்டுப்படியாகல. அதுக்குப் பதிலா வேற எதைப் போடலாம்?”

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அசல் என்ன செய்தது என்று தெரியாதவனுக்குப் பதில் மட்டும் எப்படித் தெரியும்? அதனால் முதலில் அந்தப் பெட்டியின் கதையைச் சொல்வேன்.

எங்கள் தியேட்டரில் இருந்த எல்.ஏ.-2ஏ, பம்பாயில் மூடிய ஒரு ஸ்டுடியோவிலிருந்து செகண்ட்ஹேண்டில் வந்தது. 1960களில் ஜிம் லாரன்ஸ் என்ற அமெரிக்கர் டெலட்ரானிக்ஸ் என்ற பெயரில் செய்து விற்ற கம்ப்ரஸர் அது. முகப்பில் முக்கியமான நாப் இரண்டே இரண்டு. ஒன்று கெயின், இன்னொன்று பீக் ரிடக்‌ஷன். எவ்வளவு வேகமாக இழுப்பது என்ற அட்டாக் கிடையாது, எவ்வளவு வேகமாக விடுவது என்ற ரிலீஸ் கிடையாது. லிமிட், கம்ப்ரஸ் என்று மாற்றும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதை யாரும் தொடக்கூடாதென்று சார் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். உள்ளே நாலு வால்வு, அதோடு டி4 செல் என்கிற ஒரு சின்ன டப்பா. அந்த டப்பாவுக்குள் ஒளிரும் தகடு ஒன்று, அதன் எதிரே வெளிச்சத்தை உணரும் செல். பாடகர் குரலை உயர்த்தினால் தகடு பளிச்சென்று எரியும், செல் சத்தத்தைக் கீழே பிடித்து இழுக்கும். குரல் இறங்கினால் வெளிச்சம் அணைந்துவிடும், ஆனால் செல் உடனே மறக்காது. நல்ல வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் கண் இருட்டிக்கொண்டு வருமே, அதே கதைதான். இழுத்ததில் பாதியை 60 மில்லி செகண்டில் விட்டுவிடும். மீதியை விட அரை செகண்டும் ஆகும், ஐந்து செகண்டும் ஆகும். எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக வெளிச்சம் பட்டது என்பதைப் பொறுத்தது அது.

இந்த மறதிக் குறைவுதான் அந்தப் பெட்டியின் மொத்த அழகும். பதிலுக்கு ஒரு பிளக்-இன் தேடும்போது நான் பார்ப்பதும் இதைத்தான். என்னிடம் ஒரு பழைய பதிவு இருக்கிறது. பாடகி மேல் ஷட்ஜத்தில் நீளமாகக் கார்வை கொடுத்துவிட்டு, மூச்சு விட்டு, கீழே பஞ்சமத்தில் மெல்லிய பிடி ஒன்று பாடுவார். மைக்கில் பின்னாலிருக்கும் தம்புராவும் கொஞ்சம் விழுந்திருக்கும். புதுசாக எந்த பிளக்-இன் வந்தாலும் முதலில் அந்தப் பதிவில்தான் போடுவேன். பீக் ரிடக்‌ஷனைக் கொஞ்சம் அதிகமாகவே வைத்துவிட்டு, பாட்டை விட்டுத் தம்புராவைக் கேட்பேன். கார்வை முடிந்ததும் தம்புரா சட்டென்று கொஞ்சம் எழும்பி, பிறகு தயங்கித் தயங்கி மேலே வந்தால் செய்தவனுக்கு செல்லின் குணம் தெரிந்திருக்கிறது. லைட் போட்ட மாதிரி ஒரே தாவலில் வந்துவிட்டால், படம் மட்டும் வரைந்திருக்கிறான். அனலாக் அப்செஷன் இலவசமாகவே கொடுக்கும் லாலாவை இந்தச் சோதனையில் உட்காரவைத்தபோது எனக்கே ஆச்சரியம். அசலோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறதென்று சொல்ல மாட்டேன். ஆனால் தம்புரா தயங்கியது. எனக்கு அது போதும்.

காதை நம்பு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். காது பெரிய ஏமாளி, தம்பி. நானே பட்டிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் மூன்று மாதச் சேமிப்பைப் போட்டு ஒரு பண்டில் வாங்கினேன். ஒவ்வொன்றையும் போட்டதும் குரல் நெஞ்சுக்கு நெருக்கமாக வந்து நின்றது. பணம் வீண்போகவில்லை என்று சந்தோஷம். ஒரு ராத்திரி தற்செயலாக மீட்டரைப் பார்த்தேன். பிளக்-இன்னைப் போட்டாலே, எந்த நாப்பையும் தொடாமல், ஒன்றரை டி.பி. சத்தம் கூடியிருந்தது. நான் ரசித்தது அந்த ஒன்றரை டி.பி.யைத்தான். இரண்டில் எது சத்தமாக இருக்கிறதோ அதை நல்லது என்று சொல்வது காதின் சுபாவம்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். இரண்டு பிளக்-இன்னை ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் அவுட்புட்டைக் குறைத்து மீட்டரில் இரண்டையும் சமமாக்குவேன். பிறகு மகளிடம் மவுஸைக் கொடுத்துவிட்டு, திரும்பி மெத்தைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். அவள் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் போட்டு, நான் சொல்வதைப் பழைய நோட்டில் குறித்துக்கொள்வாள். அந்த விலை உயர்ந்த பண்டிலையும் இலவசங்களையும் வைத்து இப்படிப் பத்து முறை கேட்டதில், ஆறு முறை இலவசத்தைத்தான் நல்லது என்றிருக்கிறேன். “அப்பா, காசைத் திருப்பிக் கேளுப்பா” என்றாள்.

ஒரு கல்யாண மேளம் பதிவில் நடந்ததைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. தவிலுக்கு 1176 போடலாம் என்று தோன்றியது. பில் புட்னம் 1967இல் செய்தது. கம்ப்ரஸர்களிலேயே மின்னல் வேகம். அட்டாக் 20 மைக்ரோ செகண்டிலிருந்து 800 வரை. அதன் நாப்புக்கு ஒரு விநோதம்: மற்ற பெட்டிகளில் வலப்பக்கம் திருகினால் மெதுவாகும், இதில் வலப்பக்கம் திருகினால் வேகமாகும். 7 என்பதுதான் உச்ச வேகம். தியேட்டரில் சார் திருகுவதை எத்தனையோ முறை பார்த்தவன் நான். மவுஸ் கைக்கு வந்ததும் மறந்துபோனது. மெதுவாக வைப்பதாக நினைத்து 7இல் வைத்துவிட்டேன். இரண்டு நாள் மிக்ஸ் செய்து வித்வானைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். ஐயா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் தொப்பிப் பக்கம் அடிக்கும் குச்சியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே, “தம்பி, நான் அடிச்சேன். நீங்க துடைச்சிட்டீங்க” என்றார்.

தவிலின் உயிரே அந்தக் குச்சி தோலில் விழும் முதல் நொடித் துளியில்தான் இருக்கிறது. வலந்தலையில் விரல் கூடு படும் சத்தத்திலும். அதை முளையிலேயே கிள்ளியிருந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். அட்டாக்கை 1க்குக் கொண்டுவந்தாலும் அந்தப் பெட்டிக்கு அது ஒரு மில்லி செகண்டுக்குள்தான். தவிலுக்கு அதுவே அவசரம். கடைசியில் 1176ஐயே தூக்கிவிட்டு, டி.டி.ஆர். கோடெல்னிகோவ் என்ற இலவச கம்ப்ரஸரில் அட்டாக்கை 30 மில்லி செகண்டுக்கு வைத்தேன். அது எந்தப் பழைய பெட்டியின் நகலும் இல்லை. சாம்பல் கலரில் ஒரு சதுரம், அவ்வளவுதான். வித்வான் தலையை ஆட்டினார். இந்த அட்டாக் கணக்கு கிளாங்ஹெல்மின் டி.சி.1ஏ கம்ப்ரஸரில் நடக்காது, அதற்கும் இரண்டு நாப்தான். ஆனால் உடுக்கைக்கும் கைதட்டலுக்கும் அதையே கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்.

பழைய பெட்டிகளின் நகல்களில் பாதி பேர் தோற்பது லெவலில். வி.யு. மீட்டரில் பூஜ்யம் என்பது கம்ப்யூட்டர் மீட்டரில் பூஜ்யம் இல்லை. பெரும்பாலான நகல்களைச் செய்தவர்கள், மைனஸ் 18 வாக்கில் சிக்னல் வந்தால் அசல் பெட்டியில் ஊசி பூஜ்யத்தில் நிற்கும் என்று வைத்துத்தான் செய்கிறார்கள். தம்பிகளோ குரலை மைனஸ் 3, மைனஸ் 2 என்று கூரை இடிக்கப் பதிந்துகொண்டு வருகிறார்கள். அதை நீவ் ப்ரீ-ஆம்ப் நகலில் விட்டு, டேப் நகலில் விட்டு, கம்ப்ரஸரில் விட்டு, “அண்ணா, அனலாக்னா வார்ம்னாங்க, எனக்குக் கரகரங்குது” என்கிறார்கள். எந்தப் பெட்டியையும் இப்படிக் கதறவிட்டால் கரகரக்கத்தான் செய்யும். ஒரு பையன் பணம் புரட்டி வேறு பிளக்-இன் வாங்கப்போவதாக வந்தான். கிளிப்பின் கெயினை 12 டி.பி. இறக்கி, அவனிடமிருந்த பழைய பிளக்-இன்னையே திரும்பப் போட்டேன். வாங்கவில்லை. டீக்கு மட்டும் அவன் காசு கொடுத்தான்.

டேப் விஷயத்தில் எனக்குச் சிரிப்புதான் வரும். டேப்பில் ஹிஸ் கேட்டால் சாரிடம் நான் திட்டு வாங்கிய காலம் ஒன்று உண்டு. ரீல் ஒரு நூல் ஆடினால் நாதஸ்வரம் அழும், பிறகு நானும் அழுவேன். இன்று அந்த ஹிஸ்ஸையும் ஆட்டத்தையும் தனித்தனி நாப்பாக வைத்து விற்கிறார்கள். ஜதின் சௌத்ரி என்பவர் இலவசமாகக் கொடுத்திருக்கும் சௌ டேப் மாடல், சோனி டி.சி.-260 என்ற வீட்டு டேப் மெஷினை வைத்துச் செய்தது. நல்ல வேலை. போட்டவுடன் வவ், ஃப்ளட்டர் இரண்டையும் பூஜ்யமாக்கு. ஸ்ருதி சுத்தமாக நிற்க வேண்டிய நம் பாட்டுக்கு ஆட்டம் ஆகாது. பிறகு டிரைவை மட்டும் தொட்டு, சலங்கையின் கூர் மழுங்கும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்து. சில பிளக்-இன்களில் கரண்ட்டின் ‘ஹம்’ சத்தத்தைக்கூடச் சேர்த்திருப்பார்கள். 50 ஹெர்ட்ஸா, 60 ஹெர்ட்ஸா என்று கேட்கும்! அமெரிக்கக் கரண்ட் வேண்டுமா, நம்மூர்க் கரண்ட் வேண்டுமா என்று பொருள். கரண்ட்டோடு நாங்கள் பட்டது போதாதா? ‘அன்னக்கிளி’ பாட்டுப் பதிவு தொடங்கும்போது கரண்ட் போனதை இளையராஜாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த பட்டனை அணைத்துவிட்டு வேலையைப் பார்.

பல்டெக் பற்றி நீட்ட மாட்டேன். யூஜின் ஷெங்க், ஆலி சம்மர்லாண்ட் என்ற இருவர் 1951இல் கொண்டுவந்த ஈ.க்யூ. அதன் வித்தை ஒன்றுதான்: 60 ஹெர்ட்ஸில் பூஸ்ட்டும் அட்டனுவேஷனும் இரண்டையும் சேர்த்துத் திருகுவது. ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே இடத்தில் விழாததால் அடி கனக்கும், அதற்குச் சற்று மேலே ஒரு பள்ளம் விழும். மிருதங்கத்தின் தொப்பிக்கு அது தேன். இதற்குப் பிளக்-இன் வாங்கக் காசில்லையா? உன் சாஃப்ட்வேரோடு வந்த சாதா ஈ.க்யூ.வில் கீழே ஒரு ஷெல்ஃப் ஏற்றி, 200, 300 வாக்கில் அகலமாக ஒரு பள்ளம் வெட்டு. முக்கால்வாசி வந்துவிடும்.

பிளேட் ரிவெர்புக்கு மட்டும் நான் காசு கொடுத்தேன். வல்ஹல்லா பிளேட், 50 டாலர். ஈ.எம்.டி. 140 என்ற அசல் 1957இல் ஜெர்மனியில் வந்தது. ஆளைவிட நீளமான மரப்பெட்டிக்குள் சுமார் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்கு மெல்லிய எஃகுத் தகடு விறைப்பாகக் கட்டித் தொங்கும். பெட்டியோடு எடை கால் டன்னுக்கு மேல். தகட்டை ஒரு டிரைவர் அதிரவைக்கும், அந்த அதிர்வை பிக்கப் வாங்கி ரிவெர்பாகத் தரும். சார் அதைத் தனி அறையில் கேட்கவைத்துச் சொன்ன ஒரு விஷயம் இன்றும் உதவுகிறது: “தகடுக்கு ‘ஸ’ பிடிக்கும். கொடுக்காதே.” நம் பாட்டில் ஸ்வாமி, ஸரஸ்வதி, சரணம் என்று வரிக்கு வரி சீறும். தகடு அதைப் பிடித்துக்கொண்டு ஒரு செகண்ட் ஊதிக்கொண்டே இருக்கும். அதனால் ரிவெர்புக்குப் போகும் சென்டிலேயே அந்தச் சீறலை அடக்கும் டி-எஸ்ஸர் போடு. 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10,000க்கு மேலேயும் வெட்டு. வெட்டிய பிறகு எந்த இலவச பிளேட்டும் முக்கால் ஈ.எம்.டி. ஆகிவிடுகிறது. நான் கொடுத்த 50 டாலர் மீதிக் காலுக்கு. அதுகூட வீம்புதானோ என்று சில நாள் தோன்றும்.

சிலர் நேராகவே கேட்பார்கள்: “எண்பதுகளோட ராஜா சவுண்ட் வேணும். எந்த பிளக்-இன்?” தம்பி, பிரசாத் ஸ்டுடியோவில் நாற்பது வருஷத்துக்கு மேல் அவர் ஒரே ஹாலில் பதிந்தார். வயலின்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்தார்கள். தப்பினால் எல்லோருக்கும் இன்னொரு டேக். அந்த ஹாலின் காற்றும் ஒருவர் மைக்கில் இன்னொருவர் விழுந்த கசிவும் சேர்ந்ததுதான் நீ கேட்கும் சவுண்ட். நீ லூப்பில் எட்டு வயலினைப் போட்டு அதன்மேல் நீவ் 1073 படத்தை ஒட்டினால் என்ன வரும்? வேண்டுமானால் அந்த எட்டையும் ஒரே பஸ்ஸில் சேர்த்து, சின்ன அறை ரிவெர்ப் ஒன்றில் லேசாக நனைத்து, பிறகு மோனோவில் கேட்டுப் பார். கொஞ்சம் கிட்டே வரும். ரஹ்மான் 1989இல் வீட்டோடு பஞ்சதன் ஸ்டுடியோ வைத்து, 1992இல் ‘ரோஜா’ வந்த பிறகு கோடம்பாக்கமே டிராக் டிராக்காகப் பதியப் பழகியது. அங்கே எச். ஸ்ரீதர் போன்ற சவுண்ட் இன்ஜினியர்கள் ஒவ்வொரு டிராக்கையும் தனியாகச் செதுக்கினார்கள். அது வேறு கை, வேறு சவுண்ட். இரண்டுக்கும் பிளக்-இன் கிடையாது.

இங்கே காட்டுப்பாக்கத்தின் காற்று என்னவென்றால் மெட்ரோ. பூந்தமல்லி வழித்தடத்துக்குத் தூண் போட்ட வருஷங்களில் பகலில் குரல் பதியவே முடியாது. பைலிங்கின் உறுமல் ஹை-பாஸ் ஃபில்டருக்கும் அடங்காது. தரை வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறிவிடும். ஸ்டாண்டுக்கு அடியில் பழைய டூ-வீலர் டியூபைக் காற்றடித்து வைத்தேன். அப்படியும் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் டேக். எந்த பிளக்-இன்னும் செய்யாததை அந்த டியூப் செய்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ரொம்ப நாள் கிராக் பிளக்-இன்தான் ஓட்டினேன். ஒரு நாள் அதோடு வந்த வைரஸ் இரண்டு ஆல்பத்தின் செஷனைத் தின்றுவிட்டது. பாடகர்களைத் திரும்பக் கூப்பிட்டு, டாக்ஸி வைத்து, காலில் விழாத குறை. அதன்பின் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைக்கூடக் காசு கொடுத்தே வாங்கினேன், 60 டாலருக்கு ரீப்பர். மாதச் சந்தா பிளக்-இன்களில் வேறு கண்ணி உண்டு. மூன்று வருஷம் கழித்து தயாரிப்பாளர் வந்து, “பல்லவியில ஒரு வார்த்தை மாத்தணும்” என்பார். திறந்தால் பிளக்-இன் இருந்த இடத்தில் சிவப்புக் கட்டம். அதனால் மிக்ஸ் முடிந்த அன்றே ஒவ்வொரு டிராக்கையும் இரண்டு தடவை பவுன்ஸ் எடுத்துவிடுவேன், ஒன்று பிளக்-இன்னோடு, ஒன்று வெறுமனே. அந்த வெறும் டிராக்குகள்தான் என் அசல் சொத்து.

போன பொங்கலுக்கு அப்புறம் சார் வந்திருந்தார். வடபழனியில் பூந்தமல்லி பஸ் ஏறி, தனியாகவே. எண்பதை நெருங்குகிறார். ஒரு புதுப் பாடகியின் டிராக்கைப் போட்டேன். கேட்டதும், “அந்த டிவியை அணை” என்றார். மானிட்டரை அணைத்தேன். ரிட்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய சின்ன மிடி பெட்டியின் ஒரு நாப்பை லாலாவின் பீக் ரிடக்‌ஷனோடு இணைத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, பாட்டோடு சேர்த்து மெல்லத் திருகினார். கொஞ்சம் அதிகமாகப் போய், அங்கே ஒரு நொடி நின்று, பிறகு திரும்பி வந்து ஓர் இடத்தில் விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான். தாண்டிப் போய்விட்டுத்தான் வருவார். மானிட்டரைப் போட்டுப் பார்த்தேன். நான் வைத்திருந்ததைவிட ஒரு கோடு குறைவு. பாடகியின் மூச்சு திரும்பியிருந்தது.

“நல்லாத்தான் செஞ்சிருக்கான்” என்றார். பிறகு மிடி பெட்டியைத் திருப்பி அடியில் பார்த்தார். “இதுல செல் எங்க மாத்தறது?”

“மாத்த வேண்டாம் சார். போகாது.”

“போகவே போகாதா?”

“போகாது சார்.”

கொஞ்ச நேரம் பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தார். “அப்ப காலைல வந்து எதைத் துடைப்ப?”

மானிட்டரைக் காட்டினேன். அதன்மேல் மெட்ரோ தூசி படிந்திருந்தது.